1,500 பவுண்டில் எம்ஜிபி-க்கு எவ்வளவு சக்தி ஏற்றலாம்?

கேள்வி: லண்டன் ஹாரோவில் வசிக்கிறேன். என்னிடம் 1970-ஆம் வருட எம்ஜிபி ஜிடி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடமிருந்து வாங்கினேன். என்ஜின், கார்புரேட்டர் எல்லாம் ஒரிஜினல். ஓட்ட ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் மோட்டார்வேயில் மேடு வந்தால் லாரிக்குப் பின்னாலேயே போக வேண்டியிருக்கிறது. 95 ஹெச்பி என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. அதை 120 ஆக்க வேண்டும். கையில் 1,500 பவுண்டு இருக்கிறது. வெபர் கார்புரேட்டர், புகை வெளியேறும் ஸ்டீல் குழாய் மேனிஃபோல்டு, ஸ்போர்ட்ஸ் சைலன்சர் மூன்றையும் போட்டால் போதும் என்கிறார் ஒரு நண்பர். இந்த என்ஜினைத் தூக்கிவிட்டு வி8 போடு என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது? டாப்பெட் அட்ஜஸ்ட்மென்ட், பிளக் மாற்றுவது மாதிரி வேலைகளை நானே செய்துகொள்வேன்.

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது 120 ஹெச்பி ஆசை அல்ல, அந்த லாரி. இந்த நாட்டில் கனரக லாரிகளுக்கு மணிக்கு 56 மைலுக்கு மேல் போகாதபடி வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி பொருத்தியிருக்கிறார்கள். நல்ல நிலையில் இருக்கும் எம்ஜிபி 100 மைல் வேகத்தைத் தொடும் கார். அது மேட்டில் லாரியைத் தாண்ட முடியாமல் திணறுகிறது என்றால் உங்கள் என்ஜின் இப்போது 95 ஹெச்பி தருவதில்லை. எவ்வளவு குறைகிறது, எங்கே போகிறது என்று பார்க்காமல் புதுச் சாமான் வாங்கினால், காணாமல் போன சக்தியை அதிக விலை கொடுத்துத் திரும்ப வாங்குவதாகத்தான் ஆகும்.

அதற்கு முன் ஒரு சின்னச் சந்தேகம். உங்கள் காரில் ஓவர்டிரைவ், அதாவது வேகமாகப் போகும்போது என்ஜினை மெதுவாகச் சுற்றவைக்கும் கூடுதல் கியர், இருக்கிறதா? அந்த வருடத்தில் அது கூடுதல் காசு கொடுத்து வாங்கும் வசதி. இருந்தால், மேடு ஏறும்போது அதை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பின் பிரேக் எங்காவது பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்றும், ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். இரண்டுக்கும் செலவே இல்லை.

சரி, என்ஜினுக்கு வருவோம்.

முதல் வேலை கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டன் எவ்வளவு அழுத்தம் உண்டாக்குகிறது என்று பார்ப்பது. என்ஜின் சூடாக இருக்கும்போது நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு, இக்னிஷன் காயிலின் வயரைப் பிடுங்கி, ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் பிரஷர் கேஜைப் பொருத்தி, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி செல்ஃப் அடித்துப் பாருங்கள். நல்ல என்ஜினில் 150 முதல் 170 பிஎஸ்ஐ வரை காட்டும். எண்ணைவிட முக்கியம், நான்கும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது. ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் அதில் ஒரு டீஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டரின் உள்சுவரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் கோளாறு பெரும்பாலும் வால்வில் இருக்கும். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் என்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படலாம். ஆயில் பிரஷரையும் குறித்துக்கொள்ளுங்கள். நன்றாகச் சூடேறிய பிறகு ஓட்டத்தில் 50 பிஎஸ்ஐ-க்குக் கீழே, ஐட்லிங்கில் 10-க்குக் கீழே விழுந்தால் பேரிங் தேய்மானம் இருக்கலாம். அப்படியென்றால் இந்த 1,500 பவுண்டும் கிராங்க் ஷாஃப்ட்டும் பேரிங்குகளும் உள்ள கீழ்ப்பாதியின் ஓவர்ஹாலுக்குத்தான் போக வேண்டும். அந்த நிலையில் சக்தியைப் பற்றிப் பேசுவதை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். தேய்ந்த கிராங்குக்கு மேலே நல்ல ஹெட்டை வைத்தால் இரண்டும் போகும்.

கம்ப்ரஷன் நன்றாக இருந்தால் கார்புரேட்டருக்கு வாருங்கள். உங்களுடையது எஸ்யூ எச்எஸ்4 என்கிற ஒன்றரை அங்குலக் கார்புரேட்டர் ஜோடி. ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஆக்சிலரேட்டரை மிதித்தால் திரும்பும் தண்டான த்ராட்டில் ஸ்பிண்டிலின் இரண்டு முனையையும் விரல்களால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். லேசாக அசைவது தெரிந்தாலே அந்த இடுக்கு வழியாகக் காற்று உள்ளே போகிறது. என்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது அந்த முனையில் கார்புரேட்டர் கிளீனரைக் கொஞ்சம் அடித்தால் ஆர்பிஎம் மாறும், சந்தேகம் தீர்ந்துவிடும். ஐம்பது வருடம் ஓடிய எஸ்யூவில் இந்தத் தேய்மானம் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். பித்தளை புஷ், புது ஸ்பிண்டில், ஜெட், நீடில் எல்லாம் இன்றும் கிடைக்கின்றன. ஒரு ஜோடியை ரீபில்டு செய்ய வெபர் விலையில் ஒரு பகுதிதான் ஆகும். கார்புரேட்டரின் உச்சியில் உள்ள டாஷ்பாட்டில் ஆயில் இருக்கிறதா என்று மறக்காமல் பாருங்கள். அது வற்றினால் ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் என்ஜின் ஒரு கணம் மூச்சடைத்து நிற்கும்.

அப்புறம் பிளக்குகளுக்கு முறைப்படி மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர். லூகாஸ் 25டி4. பழைய என்ஜின்களில் சக்தி சத்தமில்லாமல் கரைவது பெரும்பாலும் இங்கேதான். உள்ளே இரண்டு எடைகள், அவற்றைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்பிரிங்குகள். ஆர்பிஎம் ஏற ஏற எடைகள் விரிந்து டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, முன்னால் தள்ளும். ஸ்பிரிங் தளர்ந்தால் சீக்கிரமே தள்ளிவிடும், எடைகள் துருவில் இறுகினால் தள்ளவே தள்ளாது. இரண்டாவதுதான் உங்கள் மேட்டுப் பிரச்சினைக்குப் பொருந்துகிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் உள்ள வேக்குவம் கேப்சூலின் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, நுனியை நாக்கால் அடைத்துக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் தட்டு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். திரும்பி வந்துவிட்டால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. டைமிங் லைட் வைத்து, வேக்குவம் குழாயைக் கழற்றிவிட்டு, 4,000 ஆர்பிஎம்-இல் பாருங்கள். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 32 முதல் 34 டிகிரி முன்னால் நிற்க வேண்டும். இன்னொன்று, கிராங்க் புல்லியின் வெளி வளையம் ரப்பரில் ஒட்டியது. ரப்பர் தளர்ந்து வளையம் வழுக்கியிருந்தால் அதிலுள்ள குறியும் தப்பாகக் காட்டும். முதல் பிஸ்டன் உண்மையிலேயே மேலே வரும் இடத்தை ஒருமுறை சரிபார்த்த பிறகே அந்தக் குறியை நம்புங்கள்.

இதெல்லாம் முடிந்தபின் ஒரு ரோலிங் ரோடுக்குக் கொண்டுபோங்கள். காரை உருளைமேல் நிறுத்தி ஓடவிட்டு, சக்கரத்தில் எவ்வளவு சக்தி வருகிறது என்று அளப்பார்கள். அங்கே 70 என்று காட்டினால் மனம் உடைய வேண்டாம். புத்தகத்திலுள்ள 95 என்பது ஃப்ளைவீலில் அளந்தது. கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், டயர் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு சக்கரத்தில் 70-க்கு அக்கம்பக்கம் வந்தால் என்ஜின் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். 50 வந்தால் எங்கோ கோளாறு பாக்கி இருக்கிறது. இந்த அளவீடு கையில் இல்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள்.

இதற்குள் உங்களுக்கு லாரிப் பிரச்சினை தீர்ந்திருக்கலாம். பலர் இங்கேயே திருப்தியாகி நின்றுவிடுவார்கள். உங்களுக்கு இன்னும் வேண்டும் என்றால், மிச்சமிருக்கும் காசில் பெரும்பகுதியை ஒரே ஒரு இடத்தில் போடச் சொல்வேன்: சிலிண்டர் ஹெட்.

காரணத்தைச் சொல்கிறேன். இது பிஎம்சி என்கிற பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் என்ஜின். நம் ஊரில் அம்பாசிடரின் பானெட்டைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. அம்பாசிடரில் பல வருடம் ஓடிய 1,489 சிசி பெட்ரோல் என்ஜின் இதே குடும்பம்தான். எம்ஜிபி-யில் இருப்பது அதன் பெரிய தம்பி, 1,798 சிசி. உங்கள் 1970 காரில் கிராங்குக்கு ஐந்து மெயின் பேரிங். 1964-க்கு முன் வந்த எம்ஜிபி-களில் மூன்றுதான். ஆகவே கீழ்ப்பாதி பலமானது, நீங்கள் கேட்கும் அளவு சக்தியை அலட்டிக்கொள்ளாமல் தாங்கும். 1965-இல் பிரான்ஸின் லு மான் 24 மணிநேரப் பந்தயத்தில் இந்த என்ஜின் போட்ட எம்ஜிபி பதினோராவது இடத்தில் முடித்தது.

மூச்சு முட்டுவது மேலேதான். காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை உள்ளே போக, நான்கு சிலிண்டருக்கு நான்கு இன்லெட் வழி இருக்க வேண்டும். இதில் இரண்டுதான். 1, 2 சிலிண்டருக்கு ஒன்று, 3, 4 சிலிண்டருக்கு ஒன்று. சிலிண்டர்கள் வேலை செய்யும் வரிசை (ஃபயரிங் ஆர்டர்) 1-3-4-2. அதாவது 2 இழுத்து முடிப்பதற்குள் 1 இழுக்க ஆரம்பித்துவிடும், அதேபோல 3-க்குப் பின்னாலேயே 4. ஒரே இளநீரில் இரண்டு ஸ்ட்ரா போட்டு இரண்டு பிள்ளைகள் குடிக்கிற கதை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் கலவை சமமாகப் போவதில்லை, ஆர்பிஎம் ஏற ஏறத் தகராறும் ஏறுகிறது. ஆகவே இந்த என்ஜினில் காற்று சுலபமாகப் போக ஹெட்டில் செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் பலன் தெரியும். வெளியே மாட்டும் பளபளப்புச் சாமான்களுக்கு அந்தப் பலன் கிடையாது.

ஹெட்டைக் கழற்றியதும் முதலில் பார்க்க வேண்டியது விரிசல். 2, 3 சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கு நடுவில் விரிசல் விடுவது இந்த ஹெட்டின் பரம்பரை நோய். இரண்டுக்கும் ஒரே எக்ஸாஸ்ட் வழி, அதனால் சூடு அங்கேயே குவிகிறது. பிரஷர் டெஸ்ட் செய்யாமல் அந்த ஹெட்டில் ஒரு பவுண்டுகூடச் செலவு செய்யாதீர்கள். விரிசல் இருந்தால் வேறு ஹெட் வாங்குங்கள். எம்ஜிபி ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது, ஹெட்டுக்குப் பஞ்சமில்லை.

நல்ல ஹெட் என்றால் லேத் பட்டறையில் சொல்ல வேண்டிய வேலைகள் இவை. எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான வால்வு சீட், அதாவது வால்வு வந்து உட்காரும் வளையம், போட வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோலை இங்கே 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள், ஈயம் இல்லாமல் பழைய சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும். முந்தைய சொந்தக்காரர் இதை ஏற்கெனவே செய்திருக்கலாம், அவருடைய பில்களைத் தேடிப் பாருங்கள். இன்லெட் வால்வை 1.625 அங்குலத்துக்கு மாற்றலாம், உங்கள் ஹெட்டில் இருப்பதைவிட அது கொஞ்சம் பெரியது. புது வால்வு கைடு, மூன்று கோணத்தில் சீட் கட்டிங், வால்வுக்குச் சற்றுக் கீழே உள்ள கழுத்துப் பகுதியை வழவழப்பாக்குவது. இந்தக் கழுத்துப் பகுதிதான் உயிர். போர்ட் எனப்படும் அந்த வழியின் வாய்ப்பகுதியை அகலமாகக் குடைவதால் பார்க்க நன்றாக இருக்குமே தவிர, காற்றின் வேகம் குறைந்து கீழ் ஆர்பிஎம்-இல் இழுவை போய்விடும். கண்ணாடி மாதிரி பாலிஷ் போடுவதும் வீண். கம்பஷன் சேம்பரில் இரண்டு வால்வுக்கும் நடுவே மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைக் கண்டபடி அரைத்து எடுக்கவும் விடாதீர்கள். ஹாரி வெஸ்லேக் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் தந்த இதய வடிவ சேம்பர் அது. கலவையைச் சுழற்றிவிட்டுச் சீராக எரிய வைப்பதில் அந்த மூக்குக்குப் பங்கு இருக்கிறது.

ஹெட் ஃபேசிங் செய்யும்போதே, அதாவது அதன் அடிப்பரப்பை அரைத்துச் சமமாக்கும்போதே, கம்ப்ரஷனை ஏற்றிக்கொள்ளலாம். இப்போது இருக்கும் கம்ப்ரஷன் விகிதம் 8.8-க்கு 1. அதை 9.5 ஆக்கச் சொல்வேன். கணக்கு எளிது. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு கிட்டத்தட்ட 450 சிசி. 8.8 வேண்டுமென்றால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சமிருக்கும் இடம் 57.7 சிசி. 9.5 வேண்டுமென்றால் 52.9 சிசி. வித்தியாசம் 5 சிசி-கூட இல்லை. இவ்வளவுதான் குறைக்க வேண்டும். ஆகவே 'இத்தனை தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அரைத்துவிடு' என்று கண்மூடிச் சொல்லாதீர்கள். இதற்கு முன் யார் எத்தனை தடவை அரைத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஹெட்டைத் தலைகீழாக மேசையில் சமமாக வைத்து, வால்வையும் பிளக்கையும் மாட்டி, சேம்பரின் விளிம்பில் கிரீஸ் தடவி, ஓட்டை போட்ட பெர்ஸ்பெக்ஸ் தகடு ஒன்றை அதன்மேல் ஒட்டுங்கள். ப்யூரெட்டில் மண்ணெண்ணெய் எடுத்து ஓட்டை வழியாக நிரப்பினால் சேம்பரின் அளவு துல்லியமாகத் தெரியும். நான்கையும் அளந்து, கேஸ்கெட்டின் அளவு, பிஸ்டன் குழி இரண்டையும் கூட்டிய பிறகு எவ்வளவு அரைக்க வேண்டும் என்று முடிவு செய்யலாம். பட்டறைக்காரர் இந்த அளவை எழுதிக் கொடுக்க மறுத்தால் வேறு பட்டறை பாருங்கள்.

9.5 ஆக்கிய பிறகு சாதாரண பெட்ரோல் போடக் கூடாது, கலவை தாறுமாறாக வெடித்து நாக் அடிக்கும். 97 ஆக்டேனுக்கு மேல் உள்ள சூப்பர் கிரேடு போடுங்கள். அந்தக் காலத்து ஃபோர் ஸ்டார் பெட்ரோலும் 97 தான். இன்னொரு லாபமும் இருக்கிறது. 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் இ10, பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது. சூப்பர் கிரேடில் எத்தனால் ஐந்து சதவீதத்துக்கு மேல் போகாது. உங்கள் காரின் பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்களுக்கு எத்தனால் ஆகாது. வெடிப்பு இருக்கிறதோ இல்லையோ, ஆர்9 ரகக் குழாய் வாங்கி எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு அதே பக்கத்தில், கார்புரேட்டருக்கு அடியிலேயே இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

இப்போது உங்கள் நண்பரின் பட்டியல். ஸ்டீல் குழாய் மேனிஃபோல்டு வேண்டாம். எம்ஜிபி-யில் கம்பெனி போட்ட வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு அந்தக் காலத்துக்கு மிக நன்றாக வடிவமைக்கப்பட்டது. தெருவில் ஓட்டும் காரில் அதை மாற்றுவதால் வரும் லாபம் கையால் தொட்டுப் பார்க்கிற அளவுக்கு இருக்காது. ஸ்டீல் மேனிஃபோல்டு கேஸ்கெட் ஊதும், பானெட்டுக்குள் சூட்டைக் கூட்டும். சைலன்சர் ஓட்டையாகியிருந்தால் மட்டும் மாற்றுங்கள். சத்தம் கூடினால் வேகம் கூடியது போலத் தோன்றும், ரோலிங் ரோடில் எண் மாறாது.

வெபர் 45 நல்ல கார்புரேட்டர், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் இரண்டே இன்லெட் வழி உள்ள இந்த ஹெட்டுக்கு அதன் முழுத் திறமையும் பயன்படாது. இன்லெட் மேனிஃபோல்டு, ஜெட், செட்டிங் என்று உங்கள் பட்ஜெட்டில் பெரும்பகுதியை அதுவே விழுங்கும். நல்ல நிலையில் உள்ள ஒன்றரை அங்குல எஸ்யூ ஜோடி 110 ஹெச்பி-க்குமேல் தாராளமாகக் காற்று கொடுக்கும். உங்களுக்கு அதுவே போதும்.

ஏர் ஃபில்டரில் ஒரு எச்சரிக்கை. பழைய தகரப் பெட்டியைத் தூக்கிவிட்டு வட்டமான குரோம் ஃபில்டர் மாட்டுவார்கள். பெட்டிக்குள் கார்புரேட்டர் வாயில் காற்று வளைந்து நுழைவதற்கு உருட்டிய விளிம்பு இருக்கும், மலிவான ஃபில்டரின் தட்டையான தகட்டில் அது இருக்காது. காற்று விளிம்பில் மோதி, சக்தி குறையும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் உள்ளே ஸ்டப் ஸ்டாக் என்கிற சின்னக் குழல் வளையத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் கேம் ஷாஃப்ட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது சொல்வார்கள். வால்வை 270 டிகிரி திறந்து வைக்கும் மிதமான ரோடு கேம் போட்டால், நல்ல ஹெட்டோடு சேர்ந்து நீங்கள் கேட்ட 120-ஐ நெருங்கலாம். அதைவிடக் காட்டமானது வேண்டாம். இரண்டு சிலிண்டர் ஒரே வழியில் இழுக்கிற என்ஜினில் வால்வு திறந்திருக்கும் நேரத்தை நீட்டினால் கலவைத் தகராறு இன்னும் கூடும், ஐட்லிங் தடுமாறும், லண்டன் டிராஃபிக்கில் ஓட்டவே பிடிக்காது. என்ஜினை வெளியே எடுக்கிற சந்தர்ப்பம் வரும்போது கேம் போடுங்கள், அதற்காகவே எடுக்க வேண்டாம். போடும்போது கேமின் மேல் உரசி ஓடும் ஃபாலோயர்களும் புதிதாக இருக்க வேண்டும். ஜிங்க் அதிகமுள்ள 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் ஆனவுடன் ஐட்லிங்கில் விடாமல் 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்-இல் இருபது நிமிடம் ஓட்டுங்கள். அந்த இருபது நிமிடத்தைத் தவிர்த்தால் புதுக் கேம் சில வாரத்தில் தேய்ந்து தட்டையாகும்.

ஹெட் மாட்டி ஐந்நூறு மைல் ஓட்டியதும் மறுபடி ரோலிங் ரோடு. இந்தச் செலவை மட்டும் யார் சொன்னாலும் குறைக்காதீர்கள். காற்றின் அளவு மாறிவிட்டதால் பழைய நீடில் பொருந்தாது. எஸ்யூவில் நீடிலின் சரிவுதான் எந்த ஆர்பிஎம்-இல் எவ்வளவு பெட்ரோல் என்று தீர்மானிக்கிறது. அனுபவமுள்ள ஆள் இரண்டு மூன்று நீடில் மாற்றிப் பார்த்து, டைமிங்கையும் சேர்த்துச் சரிசெய்து கொடுப்பார். ஹெட்டில் போட்ட காசு அன்றைக்குத்தான் சக்கரத்துக்கு வந்து சேரும். கேம் இல்லாமல் ஃப்ளைவீலில் 105 முதல் 110 என்பது நேர்மையான எதிர்பார்ப்பு. அந்த எண்ணைவிட 2,500-இலிருந்து 4,500 ஆர்பிஎம் வரைக்கும் கிடைக்கும் இழுவையைத்தான் மேட்டில் நீங்கள் உணர்வீர்கள்.

வி8 யோசனைக்கு வருகிறேன். எம்ஜி நிறுவனமே 1973 முதல் 1976 வரை 3.5 லிட்டர் ரோவர் வி8 போட்ட ஜிடியை விற்றது, அருமையான கார். ஆனால் என்ஜினோடு கியர்பாக்ஸ், ரேடியேட்டர், எக்ஸாஸ்ட், பிரேக் எல்லாம் மாற வேண்டும். 1,500 பவுண்டு அதற்கு முன்பணமாகக்கூடக் காணாது. பாதியில் நின்று தார்ப்பாய் போர்த்திய கார்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். சட்டப் பக்கமும் இருக்கிறது. நாற்பது வருடம் தாண்டிய கார் என்பதால் உங்களுக்கு இப்போது எம்ஓடி என்கிற வருடாந்திரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. பெரிய மாற்றம் செய்த கார்களுக்கு அந்தச் சலுகை போய்விடும். அதே என்ஜினின் வேறு சிசி போடுவதைப் பெரிய மாற்றமாகக் கருதுவதில்லை, சிலிண்டர் எண்ணிக்கை மாறினால் கேள்வி வரும். என்ஜின் மாற்றினால் வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏ-வுக்கும் தெரிவிக்க வேண்டும். நான் சொன்ன ஹெட் வேலைக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மட்டும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் விட்டு விபத்து நேர்ந்தால் அதைக் காரணம் காட்டி மறுப்பார்கள்.

எம்ஓடி கட்டாயமில்லை என்றாலும் ஹெட்டுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் ஒருமுறை சோதனைக்கு விடுங்கள். முன் டிஸ்க், பின் டிரம், பிரேக் ரப்பர் குழாய்கள் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். குழாய் எப்போது மாற்றியது என்று பில் இல்லாவிட்டால் மாற்றிவிடுங்கள். ஹெட்டுக்கு ஒதுக்கிய காசிலிருந்து எடுக்க வேண்டி வந்தாலும் சரி, இதுதான் முதலில். கம்ப்ரஷன் எண்கள் நான்கையும், ஆயில் பிரஷரையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். உங்கள் ஹெட்டைக் கழற்றலாமா, பொறுக்கலாமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.